எங்கள் ஆமைக்குத் தேடிய மரம்

என்னோடு தாராவியில் வளர்ந்து, இப்போது முலுண்டிலும் கல்யாணிலும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கும் சினேகிதர்களுக்கு இதை எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். என் பிள்ளைகளுக்கே தமிழ் எழுத்து ஓடாது. காதால் கேட்டால் எல்லாம் புரியும். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் வாசிக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் ஒரு ஆமை இருந்தது. இப்போது அப்படி வளர்க்கக் கூடாது, சட்டம் விடாது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நாங்களாகத் தேடிப் போய்ப் பிடித்து வரவும் இல்லை. எங்கள் வரிசையில் குடியிருந்த கப்பல்காரர் ஒருவர் கல்யாணுக்கு வீடு மாற்றும்போது ஒரு வாளியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, "ரெண்டு நாள் வச்சிருங்கக்கா, சாமான் எறக்கிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். வாளிக்குள் ஆமை. அவர் வரவேயில்லை.

ஆமை வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா பைபிளைக் காட்டி, "வேதத்துல அப்பிடி ஒண்ணும் எழுதலியே" என்று முடித்துவிட்டாள்.

அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது அக்கா. கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்க்கும். எதுவும் திருப்தி இல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போகும். கட்டட வேலை பார்க்கிற இடத்தில் மேஸ்திரி அப்படித்தானே நடப்பார்?

எங்கள் வீடு ஒரே அறை. கோலி என்போம். அதற்குள்ளேயே அடுப்பு, மோரி என்று சொல்லுகிற கழுவுமிடம், அப்பாவின் தகரப் பெட்டி, அம்மாவின் தையல் மிஷின், எல்லாம். ராத்திரி பாய் விரித்தால் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் வரிசையின் கடைசிக் கோலி என்பதால் எங்களுக்கு ஒரு யோகம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், எங்கள் சுவருக்கும் ஒரு பழைய பட்டறைச் சுவருக்கும் நடுவில், ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை. மேலே வானம். அப்பா மூன்றாவது பக்கத்தைத் தகரம் வைத்து அடைத்தார். நாலாவது பக்கம் பக்கத்துக் கோலியின் நீட்டிக் கட்டிய பின்சுவர். அதில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோலியில் இருந்தவளை நாங்கள் இட்லி அத்தை என்போம். சொந்தம் ஒன்றும் இல்லை. அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் மைனி என்று கூப்பிடுவார்கள், அதனால் எங்களுக்கு அத்தை. விடிகிற நேரத்தில் அந்த ஜன்னல் வழியாக இட்லி ஆவி பொங்கி வரும். அலுமினிய அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா ஊருக்குள் விற்கக் கிளம்புவார். நான் பல் தேய்த்துக்கொண்டே அந்த ஆவியை மூக்கால் குடிப்பேன்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. மார்ச் பிறக்கும் முன்பே தகரம் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. மத்தியானம் ஆனால் மேஸ்திரி சுவரோரம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நிழல் ஒரு கயிறு அகலத்துக்குத்தான் இருக்கும். ஓடு பாதி உள்ளே, பாதி வெளியே. சாக்கைக் கட்டிப் பார்த்தோம். காற்று பிடுங்கிப் போட்டது. பிறகு உச்சி வெயிலுக்கு அதை உள்ளே தூக்கி வந்து மோரியில் ஈரச் சாக்கின்மேல் விடுவது என்று வைத்துக்கொண்டோம். அது தண்ணீர்க் குடத்தை உருட்டியது. அம்மா தைத்து வைத்த ஜாக்கெட்டின்மேல் நடந்துபோனது.

அப்பா பெல்ட் பட்டறையில் வேலை பார்த்தார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மே மாசத்துக்குள்ள அதுக்கு ஒரு நெழலு அமையணும். இல்லேன்னா எங்க பட்டறைச் சேட்டு வீட்டுல விட்டுருவேன். செம்பூர்ல பெரிய தோட்டம் வச்சிருக்காரு. நம்ம ஆசைக்கு வச்சிருந்து அதச் சாவ விடக் கூடாது."

அப்பா கோபத்தில் சொல்லியிருந்தால் அழுது மாற்றியிருப்பேன். அவர் நிதானமாகச் சொன்னார். அதனால் எனக்குப் பயம் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வாய்ப்பாட்டைக் கேட்கிற ஒரே ஆள் மேஸ்திரிதான். தப்பாகச் சொன்னாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுமே தவிர அடிக்காது.

"மரம் வைப்போம்" என்றேன். "இலை நெறைய உள்ள மரம்."

"வைப்போம்" என்றார் அப்பா.

முதலில் செம்பருத்தி. அக்காவின் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் வேரோடு பிடுங்கிக் கொடுத்தது. அழகாக நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு குச்சி நிற்கிறது. மேஸ்திரி அதன் அடியில், வாயோரம் ஒரு பச்சைத் துணுக்கோடு, மிகவும் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறது. தன் நிழலைத் தானே தின்றுவிட்டது.

அடுத்து அக்கா அரளிக் கொப்பு கொண்டுவந்தாள். அம்மா வாசலிலேயே மறித்தாள். "அரளியா? வெஷம்லா. தின்னுச்சின்னா மேஸ்திரிக்குச் சங்குதான். வெளிய போட்டுட்டு நல்லா கையக் கழுவு."

மூன்றாவது வேப்பங்கன்று. மேஸ்திரி ஒரு கடி கடித்துப் பார்த்து, அதற்குப் பிறகு தொடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த வாரமே வரிசையில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டது. அடுத்த வீட்டுக்கும் பரவியது. வேப்பிலை கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அம்மாதான் தன் கையால் கடைசி இணுக்குவரை உருவிக் கொடுத்தாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். கன்று பிழைக்கவில்லை.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அம்மா காய்கறிக் கழிவை மேஸ்திரிக்குப் போடுவாள். கோஸ் இலை, கீரைத் தண்டு எல்லாவற்றையும் அது தின்னும். கறிவேப்பிலையை மட்டும் மூக்கால் தள்ளி ஓரமாக ஒதுக்கும். நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவோமே, அதே மாதிரி.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்தார். எண்ணெய் டின்னில் வளர்ந்த ஒரு கறிவேப்பிலைச் செடி கிடைத்தது. ஒல்லியாக, அப்பாவின் தோளுக்கு வரும் உயரம். உச்சியில் மட்டும் குடை மாதிரி இலை.

அப்பா டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தண்டவாளத்துக்கு மேலே போகிற பாலத்தில் ஏறும்போது ஒரு மாமி எதிரே வந்தார்.

"விக்கறேளா?"

"இல்லம்மா, வீட்டுல வைக்கக் கொண்டு போறேன்."

"ஒரே ஒரு ஆர்க்கு தரேளா? ரசத்துக்கு இல்லாம போயிடுத்து."

அப்பா குனிந்தார். மாமி பறித்துக்கொண்டார். பாலத்தின் நடுவில் இன்னொருவர் வாயே திறக்காமல் பின்னாலிருந்து பறித்தார். வீட்டுக்கு வந்தபோது குடை கொஞ்சம் சின்னதாகியிருந்தது. அப்போதே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். தமிழர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிற வரிசையின் நடுவே கறிவேப்பிலையை வைத்துவிட்டு, அதில் இலை நிற்கும் என்று நம்பினோம் பாருங்கள்.

டின்னிலிருந்து எடுத்து ஜன்னலோரமாக மண்ணில் நட்டோம். மேஸ்திரி அதை முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத்து கூடிவிட்டது. "மரம் வச்சிருக்கியளாமே", "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கையில் ஒரு கொத்து இருக்கும். அம்மா கடைசியில் பின்கதவுக்கு உட்புறம் தாழ் போட்டாள்.

கதவுக்குத் தாழ் போடலாம். ஜன்னலுக்கு?

ஒரு விடியற்காலையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். ஜன்னலின் ஆவிக்குள்ளிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீண்டது. செடியின் உச்சி ஜன்னலை விட உயரம். அந்தக் கை உச்சியைப் பிடித்து வளைத்து, குருத்தோடு டப்பென்று ஒடித்துக்கொண்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் கடுகு வெடிக்கிற சத்தம். சட்னித் தாளிப்பின் வாசனை.

நான் கத்தினேன். அம்மா ஓடி வந்தாள். குடை இருந்த இடத்தில் மொட்டைக் கம்பு.

"மைனி, இலை வேணும்னு கேட்டா குடுக்க மாட்டமா? இப்பிடிக் குருத்தோட ஒடிச்சா மரம் எப்பிடி வளரும்?"

ஜன்னலில் அத்தையின் முகம் தெரிந்தது. வேர்த்து வழிந்தது.

"உங்க மரம் எங்க ஜன்னலுக்குள்ள எட்டிப் பாக்கு மைனி. கைக்கு எட்டுனத ஒடிச்சேன். ஏறிக் குதிச்சா ஒடிச்சேன்?"

"ஆமைக்கு நெழலுக்கு வச்சதுலா அது."

"ஆமைக்கா? நெழலு பூரா எங்க சுவத்துமேலல்லா விழுது. மேஸ்திரிய வேணும்னா ஏணி வச்சு மேல ஏறச் சொல்லுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்த முறைப்பில் அடங்கினாள்.

"அது மட்டுமா, அரிசி களைஞ்ச தண்ணி, உளுந்து களைஞ்ச தண்ணி எல்லாத்தையும் இங்கனயே கொட்டுதிய. புளிச்ச நாத்தம் கொடலப் பொரட்டுது. ஈ மொய்க்கு."

"எங்க மோரி அடச்சிக் கெடக்கு. பின்ன எங்க ஊத்தச் சொல்லுதிய, அடுப்புலயா? நீங்க நாத்தங்கிய. எங்களுக்கு அதான் மைனி சோறு."

ஜன்னல் பலகை சாத்தப்பட்டது. அன்றிலிருந்து மைனிக்கும் மைனிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே குழாயில் முன்னும் பின்னுமாகக் குடத்தோடு நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் விடிந்தால் ஜன்னல் திறக்கும். களைந்த தண்ணீர் சளாரென்று செடியின் தூரில் விழும். எப்போதாவது புதுக் குருத்து ஜன்னல் மட்டத்துக்கு வந்தால் வளையல் கை நீளும், டப். அம்மா உள்ளேயிருந்து பல்லைக் கடிப்பாள்.

அப்பா ராத்திரி வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது மரமாவப் போறதில்லல" என்பார். அவர் கேட்டது தலைக்கு மேலே விரிகிற மரம். நானும் அதைத்தான் கேட்டேன். தண்டின் கீழே பக்கவாட்டில் ஏதோ தளிர் விட்டிருந்தது எனக்குத் தெரியும். அதை யார் மதித்தார்கள்? மே பிறந்தது. அப்பா சேட்டிடம் பேசிவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு போய் விடுவது என்று முடிவானது. அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு மூங்கில் கூடையைக் கழுவிக் காயவைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவ்நாரில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பி, சாயங்காலம் செம்பூருக்குப் போகலாம் என்று அப்பா சொன்னார். பூசை நீண்டது. பிரியாணி வெந்து முடிய நேரமானது. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அம்மா திடீரென்று அக்காவைப் பார்த்தாள்.

"பிள்ள, மேஸ்திரிய மோரிக்குள்ள விட்டியா?"

"தம்பி விட்டுருப்பான்னு இருந்தேன்."

"நான் அம்மா விட்டுருப்பான்னு நெனைச்சேன்" என்றேன்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ரோட்டில் தார் இளகிப் பளபளத்தது. அந்த பஸ் நின்ற ஒவ்வொரு ஸ்டாப்பும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. இறங்குகிறவர்கள் எல்லாருமே கிழவர்களாக இருந்தார்கள்.

இறங்கியதும் ஓடினோம். அம்மா புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். பின்கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. தகரத்தைத் தொட்ட அப்பா கையை உதறினார். சுவரோரம் மேஸ்திரி இல்லை. கவிழ்த்து வைத்த சட்டிக்குள் இல்லை. காலி எண்ணெய் டின்னுக்குப் பின்னால் இல்லை.

"யாரோ தூக்கிட்டுப் போயிட்டாவளா?" என்றாள் அக்கா.

அப்பா மண்டி போட்டு உட்கார்ந்தார். செடியைப் பார்த்தார். அன்றுதான் அவர் அதைப் பகலில், மண்டி போட்ட உயரத்திலிருந்து பார்க்கிறார் என்று நினைக்கிறேன். மேலே ஒன்றும் இல்லாத அந்தக் கம்பு, கீழே நாலா பக்கமும் கொப்பு விட்டு, முழங்கால் உயரத்துக்குப் புதராக அடைந்திருந்தது. மேலே போக விடாமல் ஒடித்துக்கொண்டே இருந்ததில், அது பக்கவாட்டில் கிளம்பியிருக்கிறது. அப்பா இலையை விலக்கினார். உள்ளே இருட்டாக இருந்தது. கையை விட்டார்.

"ஏல," என்றார். "இங்கன வா. கைய வச்சுப் பாரு."

கை வைத்தேன். மண் ஈரமாக இருந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. அந்த ஈர மண்ணைத் தோண்டிக்கொண்டு, பாதி ஓடு மண்ணுக்குள் புதைந்து கிடந்தது மேஸ்திரி. ஓடு குளிர்ந்திருந்தது. என் விரல் பட்டதும் தலையை நீட்டி, தூக்கத்தைக் கெடுத்துவிட்டாயே என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆமைக்கு எவ்வளவு உயரத்தில் நிழல் வேண்டும் என்று எங்களில் யாருமே யோசிக்கவில்லை. அதன் தலைக்கு மேலே ஒரு சாண் போதும்.

அம்மா அந்த ஈர மண்ணைக் கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்தாள். புளிப்பு வாசனை. ஜன்னலைப் பார்த்தாள். பலகை சாத்தியிருந்தது. புதரின் மேல்குருத்துகளைக் கை நிறைய ஒடித்துக்கொண்டு, சுற்றிப் போய் அத்தை வீட்டு வாசலில் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். அத்தை மறுநாளைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மைனி, இந்தாங்க."

அத்தை இலையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "என்ன மைனி, வெயிலு மண்டைக்கு ஏறிட்டா?"

"நாளைக்கும் களைஞ்ச தண்ணிய அங்கனயே ஊத்துங்க."

"குத்திக் காட்டுதியளோ? மோரி சரியானா நான் ஏன் அங்க ஊத்தப் போறேன்."

"சரியானாலும் அங்கனயே ஊத்துங்க மைனி" என்று சொல்லும்போது அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை பயந்துபோய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, செடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இலையை விலக்கிக் காட்டினாள்.

அத்தை குனிந்து பார்த்தாள். "எடே மேஸ்திரி," என்றாள். "இவ்வளவு நாளா என் தண்ணியில குளிச்சிட்டு ஒரு வார்த்தை சொன்னியாடே?"

அப்பா சிரித்தார். அந்த மூங்கில் கூடையை எடுத்து அத்தையிடமே கொடுத்தார். "இட்லி மூட ஆவும், வச்சிக்கம்மா. சேட்டுகிட்ட நான் வேற ஏதாவது சொல்லிக்கிடுதேன்."

அந்தக் கூடை பல வருஷம் அவர்கள் அண்டாவுக்கு மேலே கவிழ்ந்து ஊருக்குள் போய் வந்தது. அத்தைக்கு இலை பறித்துக் கொடுப்பது என் வேலையானது. ஜன்னல் வழியாக நீட்டுவேன். வளையல் கை வாங்கிக்கொண்டு, முதல் ஈட்டு இட்லியில் ஒன்றை என் உள்ளங்கையில் வைக்கும். சுடும். கை மாற்றி மாற்றித் தின்பேன். இன்றைக்கு எவ்வளவு நல்ல ஓட்டலில் சாப்பிட்டாலும் அந்தச் சூடு இல்லை.

பிறகு அக்கா காலேஜ் போய் விவரம் தெரிந்து வந்து, ஆமையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றாள். வனத்துறைக்காரர்களிடம் ஒப்படைத்தோம். அப்பாதான் தூக்கிக் கொடுத்தார். அதை எங்கே விடுவீர்கள் என்று கேட்டார். மரம் நிறைய உள்ள இடம் என்றார்கள். "மரம் ஒசரமா இருந்தா அதுக்குப் பிரயோசனமில்ல சாப்" என்று அப்பா அவர்களுக்கு இந்தியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

எங்கள் வரிசையும் இப்போது இல்லை. இடித்தபோது எண்ணெய் டின், தகரம், ஜன்னல் பலகை எல்லாம் போயின. அத்தை மட்டும் எப்படியோ தூரிலிருந்து ஒரு பக்கக் கன்றைத் தோண்டி எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அம்மா, அப்பா, அத்தை யாரும் இன்று இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தை அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

அந்தக் கன்று எங்கள் மாடி வீட்டு வராந்தாவில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு பெயின்ட் வாளியில் நிற்கிறது. போன வாரம் என் மகள் கோபமாக வந்தாள்.

"பப்பா, எதிர் வீட்டு ஆன்ட்டி கேக்காமலே பறிக்கிறாங்க. அதுவும் நுனியாப் பாத்து ஒடிக்கிறாங்க."

"அப்படியா?" என்றேன். "நாளைக்கு வந்தா கத்தரிக்கோல் வேணுமான்னு கேளும்மா."